ஒன்பது நிமிடம் கால் அசையவில்லை

1

இன்று காலை அந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விலாவைச் சுற்றி, சட்டைக்கு அடியில், ஏழு மாதமாகக் கட்டியிருந்த ரப்பர் பட்டை. மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். "தொலைஞ்சுது சனியன்" என்றேன். ஸ்டோர்ஸில் இருந்த பெண் அதற்கு அர்த்தம் கேட்டாள். நன்றி என்று அர்த்தம் என்றேன். பாவம், அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

ஊரிலிருந்து யார் போன் செய்து கேட்டாலும் "சௌக்கியமா இருக்கோம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கடைசி இரண்டு மாதம் சௌக்கியமாக இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சிவகாமி. கீழ்பென்னாத்தூர்க்காரி. திருவண்ணாமலையில் நர்ஸிங் படித்தேன். தொண்ணூற்றெட்டில் இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்தேன். கணவர் சேகர், வேங்கிக்கால்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். மகள் கயல்விழிக்குப் பதினான்கு வயது. நான்கு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியை விட்டு ஆம்புலன்ஸுக்கு மாறினேன். எனக்கு ஒரு சின்னக் கார். யாராவது வீட்டில் மயங்கி விழுந்துவிட்டால், பெரிய வண்டி வருவதற்கு முன் நான் தனியாகப் போய்ச் சேர்ந்து உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். அதுதான் வேலை.

இந்த வேலை ஆட்களை எப்படிக் களைக்க வைக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறோம் என்றார்கள். மார்பில் கட்டும் பட்டை இதயத் துடிப்பை எடுக்கும். இன்னும் ஏதேதோ தகடுகளைப் பொருத்தினார்கள். இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி எல்லாவற்றையும் பதிவு செய்யும். கையில் மட்டும் ஒன்றும் கட்டவில்லை. தொற்று வரும் என்று கடிகாரம்கூடக் கட்ட விடமாட்டார்கள். "உங்களைக் கண்காணிக்க அல்ல, உங்கள் நலனுக்காக" என்று தாளில் போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் முழுசாகப் படித்தேன். நம்ம புத்தி அப்படி.

2

ஐந்தாவது மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு அழைப்பைப் பற்றியது. ஒரு குஜராத்திப் பெரியவர், எழுபது தாண்டியவர், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு முன்னறையில் விழுந்துவிட்டார். மூச்சில்லை. நான் தனியாகப் போனேன். பெரிய வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் பிழைக்கவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான்: சம்பவ இடத்தில் பணியாளரிடம் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக அசைவு பதிவாகவில்லை. அதே நேரத்தில் அவருடைய இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்தெட்டு. இது அச்சத்தில் உறைந்துபோன நிலையைக் காட்டலாம். விசாரணை முடியும்வரை அவர் சாலைப் பணிக்குப் போகக் கூடாது.

அதாவது, ஒரு மனுஷன் என் முன்னால் செத்துக்கொண்டிருந்தபோது நான் நெஞ்சு படபடக்க, மரம் மாதிரி நின்று வேடிக்கை பார்த்தேன் என்கிறது கருவி.

சேகர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இன்னாடி இது அநியாயமா கீது? மிஷினு ரிப்பேருன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"ரிப்பேரா இல்லன்னா?"

"இல்லன்னா இன்னா அர்த்தம்?"

அந்த ஒன்பது நிமிடம் எனக்கு ஞாபகம் இல்லை, அதுதான் விஷயம். காரை நிறுத்தியது தெரியும். கதவைத் திறந்த அம்மாவின், அந்தப் பெரியவர் மனைவியின், முகம் தெரியும். தரையில் பெரியவர். அப்புறம் பெரிய வண்டியின் ஆட்கள் இரண்டு பேர் உள்ளே வந்தது தெரியும். நடுவில், மார்பை அழுத்தும்போது முப்பது வரை எண்ணுகிற என் குரல் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குரல் அந்த வீட்டினுடையதா, வேறு எத்தனையோ வீடுகளில் எண்ணியதா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் என்னால் முடியாது.

மார்பை அழுத்தியிருந்தால் மறுநாள் கை வலித்திருக்குமே என்பீர்கள். இந்த வேலையில் கை வலிக்காத நாள் எது? வந்த இருவரும், தாங்கள் உள்ளே நுழைந்தபோது நான் அழுத்திக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. நின்ற இதயத்தை ஓடவைக்க நான் கொண்டுபோன மின்னதிர்ச்சிக் கருவியில் இருந்த பதிவு அந்த மாதமே அழிக்கப்பட்டு, கருவி வேறு காருக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்த அம்மா. துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

3

கருவி சொன்னதை நான் ஏன் பாதி நம்பினேன் என்றால், அதற்குக் காரணம் எண்பத்தொன்பதில் இருக்கிறது. இதை நான் சேகரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

கார்த்திகை தீபம். நர்ஸிங் மாணவிகளை மலை சுற்றும் பாதையில் முதலுதவிக் கூடாரங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு அடி அண்ணாமலைப் பக்கம். என்னோடு முனிரத்தினம் என்ற வார்டு ஊழியர், ஸ்ட்ரெச்சர் தூக்க. அந்தப் பாதையில் அன்றைக்குச் செருப்புப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். நான் போட்டிருந்தேன். முதல் நாளே கால் பொத்துப் போயிருந்தது. பக்கிள் வைத்த செருப்பு, புதுசு.

மத்தியானம் ஒரு பையன் ஓடி வந்து, பாதையோரத்துச் சின்ன மண்டபத்தில் ஒருவர் விழுந்துவிட்டார் என்றான். முனிரத்தினம் ஸ்ட்ரெச்சரை எடுப்பதற்குள் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்டபத்துப் படியில் கால் வைத்தேன்.

"ஏம்மா, ஏய்! செருப்போட ஏறற? உள்ள சாமி கீது, தெரியல?"

"ஆள் வுழுந்து கெடக்கறாருங்க. நான் ஆஸ்பத்திரி..."

"எந்த ஆஸ்பத்திரியா இருந்தா இன்னா? கழட்டு மொதல்ல!"

நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் பத்தடி தூரத்தில் அந்த மனிதரின் கால்களைப் பார்த்தேன். குனிந்து பக்கிளைத் திறக்கலாம். தோளை உதறிவிட்டு ஓடலாம். இரண்டையும் செய்யவில்லை. நின்றேன். விரல்கள் பக்கிளில் இருந்தன, ஆனால் திறக்கவில்லை. காது அடைத்துக்கொண்டது. முனிரத்தினம் ஸ்ட்ரெச்சரைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, அந்த ஆட்களைக் கண்டபடி ஏசி, உட்கார்ந்து என் செருப்பை அவரே பிடுங்கி எறிகிறவரை நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

அந்த மனிதர் போய்விட்டார். திரும்பி வரும்போது என் ஒரு செருப்பு சாக்கடையில் கிடந்தது. முனிரத்தினம் சொன்னார்: "நீ அழாத பாப்பா. நாம போறதுக்கு முன்னாடியே அவரு பூட்டாரு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் நல்ல மனிதர், அதனால் சொன்னார். ரிஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே "உடனடியாகச் சென்றார்" என்று எழுதினார்கள். அன்று என் உடம்பில் எந்தக் கருவியும் இல்லை. அதனால் அந்த இரண்டு நிமிடம் என் தலைக்குள்ளே தவிர வேறெங்கும் பதிவாகவில்லை.

அதற்குப் பிறகு பக்கிள் வைத்த செருப்பு நான் வாங்கியதே இல்லை. ஒரு உதறு உதறினால் கழன்றுவிட வேண்டும்.

4

ஐந்து வாரம் ஆபீஸில் உட்காரவைத்தார்கள். உறைகளில் தாள் போடும் வேலை. கூட வேலை செய்தவர்கள் காபி ரூமில் என்னைக் கண்டதும் குரலைக் குறைத்தார்கள். மரியாதைக்காகக் குறைத்தார்களா, வேறெதற்காவதா என்று தெரியாது. இந்த ஊர் நாகரிகத்தில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நம்மூராக இருந்தால் மூஞ்சிக்கு நேரே கேட்டிருப்பார்கள், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

என் பழைய தப்பு ஒன்றும் கோப்பிலிருந்து எழுந்து வந்தது. சேர்ந்த புதுசில் ரேடியோவில் "கிளியரா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது, நோயாளியை ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குத் தயாரா என்று. குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்கிறார்கள் என நினைத்து, "ரொம்ப கிளியர்" என்றேன். ஒரு கிழவி மூக்கில் ரத்தத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அது "தொடர்புக் குறைபாடு" என்ற தலைப்பில் இருந்தது.

ஒரு சாயங்காலம் கயலிடம் கடிதத்தைக் காட்டினேன். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் நாலு வருஷமாக அதுதான் ஏற்பாடு. அவள் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள்.

"நீ உறைஞ்சுதாம்மா போவே," என்றாள், அவளுடைய மொழியில். "போன் அடிச்சா ஊர் நம்பரான்னு பார்த்துட்டு அப்படியே நிப்பே. நான் கூப்பிட்டாக்கூடக் காது கேக்காது. நீ பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கேன்."

குழந்தை வன்மமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். எனக்குத்தான் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பதினேழு வருஷமாக நான் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் அந்த மண்டபத்துப் படியிலிருந்து இறங்குவதற்காகத்தான். இன்னும் அங்கேயே நிற்கிறேன் என்று ஒரு கருவி நிரூபித்துவிட்டால்? அப்புறம் எந்த வீட்டுக் கதவையும் நான் தட்ட முடியாது. தட்டவும் கூடாது.

5

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. சேகர் லீவு போட்டுவிட்டு வந்து கார் பார்க்கிங்கில் காத்திருந்தார். "மிஷினு ரிப்பேர், அத்த மட்டும் சொல்லு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அறையில் மூன்று பேர். மேலாளர் பார்க்கர், குறிப்பெடுக்க ஒரு பெண், ஆராய்ச்சியிலிருந்து ஹெலன் என்ற இன்ஜினியர். ஹெலன் நரைத்த தலை, மடியில் கம்ப்யூட்டர். சுவரில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மேலே இதயத் துடிப்பு, மலை மாதிரி எழும்பியிருந்தது. கீழே அசைவு. அது தரையோடு தரையாக, செத்த கோடு.

"இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றார் பார்க்கர்.

"மார்பை அழுத்திக்கொண்டிருந்தேன் என்று நம்புகிறேன்."

"நம்புகிறீர்களா?"

கீழ்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸாகப் பதினைந்து வருஷத்துக்கு மேல் கோடுகளைப் பார்த்தவள் நான். உயிருள்ள எதுவும் இவ்வளவு நேராகக் கோடு போடாது. பயத்தில் நிற்கிறவள்கூட நடுங்குவாள். மண்டபத்துப் படியில் என் முழங்கால் ஆடியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஹெலன், இது என் உடம்பில் எந்த இடத்து அசைவு?" என்று கேட்டேன்.

"பாதம். மார்புப் பட்டை துடிப்பை மட்டும்தான் எடுக்கும். அசைவுக்கான தகடு உங்கள் பூட்ஸின் உள்ளே இருக்கிறது. முதல் நாள் வைத்தோமே, காகிதம் போல மெல்லிசாக."

பூட்ஸ்.

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அந்த வீட்டு நடையில் பதித்திருந்த டைல்ஸின் சில்லிப்பு, சாக்ஸ் வழியாக. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வந்தது. கதவைத் திறந்த அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அழக்கூட இல்லை. ஒரே ஒரு கணம் அவர் கண் என் காலைப் பார்த்தது. உள்ளே சுவரில் விளக்கும் சாமி படங்களும், அதற்குக் கீழே பெரியவரும். நான் ஒரு உதறு உதறினேன். பக்கத்தில் ஜிப் வைத்த, ஒரு சைஸ் பெரிய பூட்ஸ். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. நின்றதே இல்லை. ஓடிக்கொண்டே கழற்றினேன்.

நிம்மதி வந்தது, கூடவே அடுத்த பயமும் வந்தது. வேலை நேரத்தில் பாதுகாப்புக் காலணியைக் கழற்றக் கூடாது, ஊசியோ கண்ணாடியோ குத்தினால் யார் பொறுப்பு, மீறினால் வேலையிலிருந்தே எடுக்கலாம் என்று இன்னொரு தாள் இருக்கிறது. அதிலும் என் கையெழுத்து இருக்கிறது. ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் போ என்று சேகரின் குரல் காதில் கேட்டது. ஆனால் அடங்காதவள் என்ற பெயரோடு நான் தூங்கிவிடுவேன். மற்ற பெயரோடு தூங்க முடியாது.

"நான் பூட்ஸைக் கழற்றிவிட்டேன்," என்றேன். "வாசலில். உள்ளே சாமி இருந்தது."

குறிப்பெடுத்த பெண்ணின் பேனா நின்றது. பார்க்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்க வேண்டும். இது இப்போது உங்களுக்கு மிகவும் வசதியான விளக்கம். ஐந்து வாரமாக நீங்கள் இதைச் சொல்லவில்லை."

"எனக்கே இப்போதுதான் தெரியும்."

"காலணி கழற்றியது ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?"

"எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது தொப்பியை எடுத்தீர்களா என்று ஆறு வாரம் கழித்துக் கேட்டால் சொல்வீர்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஹெலன் கையைத் தூக்கினார். கோட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். நேர்கோட்டில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு.

"ஏழாவது நிமிடம். தகடு ஒட்டியதில் ஏதோ கோளாறு என்று இதை ஒதுக்கிவிட்டேன். காரணம், இது நடக்கவே முடியாத விஷயம். இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றன. காற்றில் அப்படியே இருக்கின்றன. அரைச் சுற்றுத் திரும்புகின்றன. ஒன்றோடொன்று ஒட்டினாற்போலத் தரையில் இறங்குகின்றன. மெதுவாக. பதினோரு விநாடி."

"குதித்திருக்கலாம்," என்றார் பார்க்கர்.

"பதினோரு விநாடி யாரும் காற்றில் நிற்க முடியாது," என்றார் ஹெலன். "அந்தக் காலணிக்குள் கால் இல்லை. யாரோ அதைத் தூக்கியிருக்கிறார்கள்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்க்கர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். வேலை தப்பித்ததே என்று அழுகிறேன் என நினைத்திருப்பார். பெரிய வண்டி அதற்கு மூன்று நிமிடம் கழித்துத்தான் வந்தது. அந்த வீட்டில் அப்போது மூன்று பேர்தான் இருந்தோம். ஒருவருக்கு மூச்சு இல்லை. என் இரண்டு கையும் அவர் மார்பில் இருந்தன.

6

வேலை போகவில்லை. "காலணி விதியை மீறினார்" என்று எழுத்தில் ஒரு எச்சரிக்கை, கோப்பில் ஒரு வருஷம் இருக்கும். கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டுகிற பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார்கள், சரியான அளவில். இனிமேல் வீட்டுக்குள் போகும்போது பூட்ஸின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ளலாம் என்று எனக்காக ஒரு சுற்றறிக்கையும் வந்தது. சேகர் கார் பார்க்கிங்கிலேயே கை தட்டினார். "எச்சரிக்கைதானே? என்கிட்ட அஞ்சு கீது, ஃப்ரேம் போட்டு மாட்டலாம்."

அன்று வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் கயலிடம் நடந்ததைச் சொன்னேன். மண்டபத்தையும் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்கிறாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

நம்மூரில் அடுத்தவர் செருப்பைக் கையால் எடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் தொடமாட்டார்கள், யாரைத் தொடவைத்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் தரையில் கிடக்கிறார். யாரோ ஒருத்தி அவர் நெஞ்சில் ஏறி அழுத்திக்கொண்டிருக்கிறாள். ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, நான் உதறிவிட்டுப் போன தெருப் பூட்ஸை இரண்டு கையாலும் எடுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி, ஜோடியாக வைத்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரோடு வெளியே ஓடும்போது நான் தடுமாறக் கூடாது என்று.

நான் தடுமாறவும் இல்லை. இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. வாசலில் பூட்ஸ் தெருவைப் பார்த்து இருந்தது. காலை நுழைத்தேன், ஓடினேன். உள்ளே போகும்போது கழற்றிய பூட்ஸ் எப்படி வெளியே பார்த்து இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கயல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"கையாலயா?" என்றாள், தமிழில்.

"கையாலதான்."

நடைக்கதவு பக்கம் எட்டிப் பார்த்தாள். புது பூட்ஸ் அங்கே ஒன்று நிமிர்ந்தும் ஒன்று சாய்ந்தும் கிடந்தது. ஓரத்தில் ஏதோ வீட்டுச் சேறு.

"நான்லாம் தொட மாட்டேம்மா."

"நானும் தொட்டிருக்க மாட்டேன்டி" என்றேன்.